அத்தை கால்வாய்க்கு நான் ஆள் சேர்த்தது

எங்கள் அத்தையைத் தோற்கடிக்கும் திறமை பெரியப்பாவுக்குக் கிடையாது. அதற்கு நான் ஒத்தாசை செய்ய வேண்டியிருந்தது. அதுவும் அத்தையே ஜெயிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்.

யுத்த காலம். அரிசிக்கு ஆலாய்ப் பறந்த நாட்கள். மீன் வளர்க்கச் சொல்லி, விழுப்புரத்திலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் மண்பானைகளில் கெண்டைக் குஞ்சுகளை ரயிலேற்றிக் கொண்டுவந்தார். குஞ்சுகள் சாகாமலிருக்க, திண்டிவனம் வரைக்கும் பானைத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே வந்தாராம். எங்கள் நிலத்தை ஒட்டி ஓடிய கால்வாயில் அவற்றை விடுவதாக ஏற்பாடு. எத்தனை விடுவது என்பதில்தான் சண்டை.

"பானை பானையா கொட்டு. நெறைய வுட்டாத்தான் நெறைய எடுக்கலாம்" என்றார் பெரியப்பா.

"மல்லாட்டை வெதையையே எடம் வுட்டுத்தானே போடுறோம்ணா? மீனுக்கு மட்டும் எடம் வேணாமா?" என்றாள் அத்தை.

புருஷனை இழந்து பிறந்த வீடு திரும்பிய அத்தைக்கு அதுவரை அடுப்படியைத் தவிர யாரும் எதையும் கொடுத்ததில்லை. அவள் வாய் திறந்து கேட்டது அந்தக் கால்வாய் ஒன்றைத்தான். பெரியப்பாவும் நியாயஸ்தர். இரு முனையிலும் நடுவிலும் நெருக்கமான மூங்கில் தட்டி வைத்துக் கால்வாயை இரண்டாகத் தடுத்தார். அவர் பக்கம் ஐந்நூறு குஞ்சு, அத்தை பக்கம் நூறு. தீனி இரண்டுக்கும் சமம். யார் மீன் பெரிதோ, இனி முழுக் கால்வாயும் அவர் பொறுப்பு.

தவிடும் புண்ணாக்கும் போடும் வேலையை அத்தை என்னை நம்பி ஒப்படைத்தாள். எனக்கு ஒன்பது வயது. கணக்கில் புலி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். தீனி விழுந்தால் பெரியப்பா பக்கம் மயிலம் தேர்க்கூட்டம். அத்தை பக்கமோ லீவு விட்ட பள்ளிக்கூடம். கூட்டம் இருக்கும் பக்கம்தான் ஜெயிக்கும், அத்தை தோற்றுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். பாவாடையில் ஏந்திப் பெரியப்பாவின் குஞ்சுகளை வாரி வாரி அத்தை பக்கம் விட்டேன். பதினைந்து நாள், தினமும் மதியம். கலங்கல் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை. கோட்டையைப் பிடித்த தளபதியைப் போல் ஈரப் பாவாடையோடு வீடு திரும்புவேன்.

தை பிறந்து, தண்ணீர் வற்றியதும் வலை போட்டார்கள். பெரியப்பா பக்கம் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அத்தை பக்கம் எல்லாம் வெண்டைக்காய் நீளம்.

"இன்னாம்மா, எடம் தாராளமா இருக்குதுன்னு உம் மீனெல்லாம் படுத்துத் தூங்கிக்கினு இருந்துச்சா?" என்று பெரியப்பா மீசையைத் தடவினார்.

அத்தை முகம் செத்துவிட்டது. இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தவள், "எண்ணிப் பாருங்கண்ணா" என்றாள்.

எண்ணினார்கள். அவர் கூடையில் நூறு கூடத் தேறவில்லை. அத்தையின் கூடையில் நானூறு தாண்டியும் முடியவில்லை. பெரியப்பாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அத்தையின் பார்வை தட்டிக்குப் போய், அங்கிருந்து சேற்றுக் கறை படிந்த என் பாவாடைக்கு வந்தது.

"தட்டியில எங்கியோ ஓட்டை இருந்திருக்கும்ணா. ஆனா எடம் கெடைச்சதுதானே வளந்திருக்குது?"

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "சரி, கால்வாய் இனிமே உன்னுது. ஓட்டையும் உன்னுது."

அன்று மதியம் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கொழுத்த துண்டு விழுந்தது. என் தட்டில் மட்டும் எட்டு முழு மீன்கள், வெண்டைக்காய் நீளத்தில், முள்ளும் தோலுமாக. நான் செய்த உதவிக்கு அத்தையின் ரகசிய வெகுமதி என்று நினைத்து, ஒற்றைத் துண்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தேன். கடைசி முள்ளை நான் துப்பி முடிக்கும்வரை, அத்தை எதிரே உட்கார்ந்து, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.