சங்கத்துப் பசு

ஒரு பசு கதறுகிறது. லேன்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் போல. என்ஜின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் வாவியோரத் தெரு முழுக்க நீள்கிறது. தேத்தண்ணி ஆறிவிட்டது. எழுதிக்கொண்டிருந்த வரி எங்கேயோ போய்விட்டது. ஒரு மாரியில் இரவும் பகலும் இதே குரலைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாமல் இருந்தவன் நான்.

காத்தான்குடியில் எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெண்கள் கிழமைக்குக் கிழமை போடுகிற சில்லறைதான் முதல். வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஒருத்திக்குத் தையல் மெஷின் வேண்டுமென்றால் காசைக் கையில் கொடுக்க மாட்டோம். சங்கமே மெஷினை வாங்கும். வாங்கிய விலை இது, வைத்த லாபம் இது என்று முகத்துக்கு நேரே சொல்லி அவளுக்கு விற்கும். அவள் தவணையாகக் கட்டுவாள். கிதாபில் அதற்கு முறாபஹா என்று பெயர். எங்கள் பெண்களுக்கு அது ‘சங்கத்துச் சாமான்’. ஒரே ஒரு கண்டிப்பு: விற்பதற்கு முன் சாமான் உண்மையாகவே சங்கத்தின் கைக்கு வந்துவிட வேண்டும். கடையில் கிடப்பதைக் காட்டி விற்றால் அது வெறும் காசுக் கூத்து என்று மௌலவி சொல்லியிருந்தார். அதனால் எங்கள் சின்ன அறையில் மெஷின்கள் வந்து நிற்கும், போகும். ஐஸ் பெட்டிகள் வரும், போகும்.

பிறகு ஒரு பசு வந்தது.

கேட்டவள் ஆற்றங்கரைத் தங்கச்சி ஒருத்தி. புருஷன் வாவியில் வலை வீசினவன், பாரிசவாதத்தில் படுத்துவிட்டான். முன்பு மோட்டர் சைக்கிளில் வருகிற லோன் கம்பனிகளிடம் மாட்டி, வீட்டுக் கதவையும் கழற்றி விற்று மீண்டவள். வாசலில் இப்போது சாக்குத்தான் தொங்கியது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“காக்கா, ஒரு கறவை மாடு எடுத்துத் தாங்க. பால வித்துக் கட்டிருவன். அவனுகள்ட வாசலுக்கு இனி மௌத்தானாலும் போகமாட்டன்.”

கரடியனாற்றில் ஒரு பசுவையும் கன்றையும் வாங்கி, அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க வளவில் இறக்கினோம். அன்றைக்கே அவளிடம் கொடுத்திருக்கலாம். எங்கள் பொருளாளர், துணிக்கடைக்காரர், மறித்தார்.

“பொறு மச்சான். வித்தவன் சொன்ன அளவுக்குப் பால் இரிக்கா எண்டு காலையில அந்தப் பிள்ளைக்கு முன்னால கறந்து பார்ப்பம். குறை இருந்தா சொல்லித்தான் விக்கணும்.”

அதுதான் எங்கள் வழக்கம். மெஷின் என்றால் ஒரு சட்டை தைத்துப் பார்ப்போம். ஒரு இரவுதானே என்று நானும் தலையாட்டினேன்.

காலையில் கறந்தோம். விற்றவன் சொன்னதற்கு மேலாகவே பால். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விலை பேச வாய் திறக்கையில் படலைக்குள் ஒரு ஸ்கூட்டி நுழைந்தது. பிரதேச செயலகத்தில் எங்களைப் போன்ற சங்கங்களைப் பார்க்கிற மிஸ், மட்டக்களப்பு டவுன் பிள்ளை. புதுச் சட்டம் வந்திருக்கிறதாம்: சின்னக் கடன் கொடுக்கிற எல்லாரும் இனிப் பதிய வேண்டும். பதியும்வரை புதுக்கடன் எதுவும் கூடாது.

“நாங்க எங்க மிஸ் கடன் குடுக்கிற? இது யாவாரம்,” என்றார் பொருளாளர்.

“சாமான இண்டைக்குக் குடுத்துட்டு, காசப் பிறகு வாங்குறீங்க. அது கடன்தானே, சேர்?”

“வட்டி எடுக்கிறல்லயே.”

“அப்ப யாவாரமெண்டே பதியுங்களன்.”

“அங்கத்தவர்ட காசில யாவாரம் செய்யேலா எண்டு உங்கட கந்தோரிலதானே சொன்னாங்க!”

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். “நான் என்ன செய்ய, சேர்? உங்கட மாதிரிச் சங்கத்த எந்தப் பைலுக்குள்ள போடுற எண்டு எனக்கே தெரியா. கொழும்பில கேட்டிருக்கு.”

கோபப்படவும் ஒரு ஆள் அகப்படவில்லை. இந்தச் சட்டம் வேண்டுமென்று பெண்கள் வீதியில் உட்கார்ந்தபோது நானும் போய் உட்கார்ந்தவன். கம்பனிக்காரனின் ஹோர்ன் கேட்டதும் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்த பெண்களை என் தெருவிலேயே கண்டவன். அவனைத் தடுக்கத்தான் வேலி கேட்டோம். வேலி வந்தது. எங்கள் வளவுக்கு நடுவால் போனது. அவனோ முறையாகப் பதிந்துகொண்டு அந்தக் கிழமையும் வந்தான்.

பசு சங்கத்தின் பசுவாயிற்று. சட்டம் இல்லாவிட்டால் அன்று காலையே அவளுடையதாகியிருக்கும் பசுவை அவளே கூலிக்கு வந்து கறந்தாள். பால் காசு புண்ணாக்குக்குப் போனது. மாரி பிடித்துக்கொண்டது. வளவு சேறாக, பசு இரவும் பகலும் கத்தியது. நான் மாவட்டக் கச்சேரிக்கு எழுதினேன், திணைக்களத்துக்கு எழுதினேன், மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். “கொழும்பிலருந்து இன்னும் வரல்ல, சேர்.” அந்தக் குரலிலும் என் இயலாமைதான் கேட்டது.

சும்மா கொடுத்துவிட ஏலாது. அது பெண்கள் நம்பித் தந்த காசு, அமானிதம். ஏழைவரியான ஸகாத்தில் கேட்கலாமென்றால் அது பிரிக்கிற நோன்புவரை காத்திருக்க வேண்டும், அவளுக்கும் அது பிடிக்கவில்லை.

“ஸகாத்துக்கு வேணாம் காக்கா. நான் கேட்டது விலைக்கு.”

நானே வாங்கிக் கொடுக்கலாமென்றால், என் வாத்தியார் சம்பளம் பாங்க் பிடித்த மிச்சம். பொருளாளரின் கடைத்துணியும் கடனுக்கு எடுத்தது.

மாதம் முடிய அங்கத்தவர்கள் கூடினார்கள். “நமக்கு ஒரு சதம் எடுக்கேலா, மாட்டுக்கு மட்டும் தவணையில்லாமத் தீன்!” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கைக்காசுக்கு விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. மிஸ்ஸைக் கேட்டேன். “கைக்காசெண்டா ஒரு பிரச்சினையுமில்ல, சேர். ஒரு அனுமதியும் தேவயில்ல.” காசிருப்பவனுக்கு விற்க யாரையும் கேட்கத் தேவையில்லை. அதில் எங்கே பிழை பிடிப்பது?

வாங்க வந்தவர் களுதாவளைப் பக்கத்து அண்ணன் ஒருவர், மாடு வளர்க்கிறவர். நல்ல மனிதர், விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் பட்டது. பொருளாளர் காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, “மழ விட்டிரும் போல,” என்றார். விடுகிற மழையாக அது தெரியவில்லை.

தங்கச்சி தள்ளி நிற்பாள் என்று நினைத்தேன். அவள்தான் முன்னால் வந்து கன்றைத் தூக்கிப் பெட்டியில் வைத்தாள், தாய் பின்னால் ஏறுவதற்காக. முந்தானையெல்லாம் சேறு. நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சொற்களோடு கிடந்தவனுக்கு வந்தது இவ்வளவுதான்: “மறுகா ஒரு வழி பார்ப்பம் தங்கச்சி,” என்றேன். தாய் ஏறியதும் அவள் பெட்டிக் கதவைச் சாத்தினாள். லேன்மாஸ்டர் ஸ்டார்ட் ஆனதும் ஓடிப்போய் அந்த அண்ணனின் பக்கம் நின்றாள்.

“அண்ணன், கதச்சிக்கிட்டே கறங்க. சத்தமில்லாம இருந்தா பால் இறக்காது.”

“என்னத்தக் கதைக்கிற, தங்கச்சி?”

“வாய்க்கு வாற எதையும் கதைங்க. ஆள் மாறினத மட்டும் சொல்லிராதீங்க.”