இடது இமை

எத்தனையோ மணப்பெண்களுக்கு மேக்கப் போட்டும் பாண்டிசெல்விக்குக் கண் என்றால் பயம்தான். கன்னத்தில் பூசியது திட்டானால் துடைத்துவிடலாம். கண் வீங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் புது வண்ணம் எதுவானாலும் முந்தின நாளே தன் இடது இமையில் தடவிப் பார்த்துவிடுவாள்.

அன்று ராஜபாளையம் மண்டபத்தில், மணப்பெண் கமலினியின் அத்தை ஊதா டப்பா ஒன்றை நீட்டினாள்.

"பட்டுக்கேத்த கலரு. இதயே போடு."

"செத்த நேரம் பொறுங்கம்மா" என்று பாண்டிசெல்வி தன் இமையில் தடவிக்கொண்டாள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாகுது. கல்யாணம் ஒனக்கா, அவளுக்கா?"

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. எரிச்சல் ஒன்றும் தெரியவில்லை. போட்டுவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்தாள். கமலினி கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள். அந்த நேரம் பாண்டிசெல்வியின் இமை தீயாய் எரிந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தன் பழைய நீலத்தை எடுத்தாள்.

அத்தை டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

தாலி கட்டி முடிந்ததும் அதே அத்தை வந்து நின்றாள். பாண்டிசெல்வியின் மூடிப்போன கண்ணையே பார்த்தாள்.

"எம்புட்டு நேரத்துல வீங்குச்சு?"

அத்தையின் கையைப் பிடித்தபடி, இரண்டு இமையிலும் ஊதா மினுங்க, அவளுடைய சின்ன மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.