சித்தியின் எண்ணெய்க் கிண்ணம்

அந்தப் பித்தளைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அதில் நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு மிளகு போட்டுக் காய வைத்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு நஞ்சன்கூடு சாலையிலுள்ள முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வருகிறது. குளியலறையில் சித்தி இரண்டு முறை விழுந்துவிட்டார். முதுகில் அறுவை செய்துகொண்ட என் மனைவியாலும் எழுபதை நெருங்கும் என்னாலும் அவரைத் தூக்க முடியவில்லை. காரணங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அவரிடம் சொல்வதை மட்டும் பதினோரு நாட்களாகத் தள்ளிப் போட்டுவருகிறேன். எந்த நாளையும் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவன் என்பதால் அது பதினோரு நாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா இறந்த மறு ஆவணியில் அப்பா எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து சித்தியை மணம் முடித்து அழைத்து வந்தார். எனக்கு ஒன்பது வயது. மைசூரில் அப்போது ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடுகள், நடுவில் ஒரு குழாய். எங்களைத் தவிர எல்லோரும் கன்னடக்காரர்கள். பையன் வற்றிப்போய்விட்டானே, களி உனக்கும் களி கிண்டிய தண்ணீர் அவனுக்குமா என்று குழாயடியில் ஒரு மாமி சித்தியைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை சித்தி என்னை முற்றத்தின் நடுவில் உட்கார வைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்தார். "இவனே நன்ன மக," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. இவன்தான் என் மகன். அவர் கற்றுக்கொண்ட முதல் கன்னட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். குரல் அப்படி உருகி வழிந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மழை பெய்து முற்றம் காலியாக இருக்கும் சனிக்கிழமைகளில் வீட்டுக்குள்தான் எண்ணெய். அப்போது இரண்டே பேச்சு: "தலையக் குனி." "கண்ண மூடு." மகன் என்ற சொல்லே வராது. நான் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். ஆள் உண்டு, மகன். ஆள் இல்லை, மகன் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேல் எழுதினேன். ஒருமுறைகூட அது மாறவில்லை.

கல்லூரி நாட்களில் ஆங்கில அகராதியில் 'அங்க்ஷன்' என்ற சொல்லைப் பார்த்தேன். சடங்காக எண்ணெய் பூசுவது முதல் பொருள். உள்ளே இல்லாத உருக்கத்தைக் குரலில் வழியவிடுவது இன்னொரு பொருள். சித்தியைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவோடு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அன்றைய தேதியைக் குறித்தேன். அப்போது இருபது வயது. என் தலையில் ஒரு சனிக்கிழமையும் எண்ணெய் தவறியதில்லை என்பதும் அந்தச் சிறுவயது நோட்டில்தான் இருந்தது. அதை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முடி மிகக் குறைவு; விரலுக்கு மண்டை ஓடுதான் தட்டுப்பட்டது. முழங்காலுக்கு ஒரு நல்ல இடத்தில் வைத்தியம் பார்க்கிறார்கள், பத்தே நாள், நானே தினமும் வருவேன், நீங்கள் இல்லாமல் இந்த வீடு வீடாகவா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே கேட்டது. குழைந்து, வழிந்து, முற்றத்தில் கேட்ட அதே குரல்.

சித்தி தலையைத் திருப்பவில்லை.

"ஆளுங்க முன்னாடின்னா அப்படிப் பேசலாங் கண்ணு. அன்னைக்கு நான் பேசாட்டி நாலு ஊட்டுக்காரிகளும் என்னையத் தின்னிருப்பாளுக. இப்ப இங்க யாரு இருக்கா?"

நான் மறுபடியும் கிண்ணத்தில் விரலை நனைத்தேன்.

"தனியா இருக்கையில உங்கிட்ட என்னைக்காச்சும் பொய் பேசியிருக்கனா?"

நோட்டில் ஒரு வருடத்துக்கும் மேல் நான் எழுதி வைத்திருந்தது அதைத்தான். படிக்கத் தெரியாமல் போனது எனக்கு.

"பத்து நாள் இல்ல சித்தி," என்றேன். "அங்கேயேதான் இருக்கணும். எங்களால முடியல."

சமையலறையில் குக்கர் ஒரு முறை சத்தமிட்டு அடங்கியது. சித்தி கையை நீட்டி, கிண்ணத்தின் நசுங்கிய விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போகுது. தேய்," என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டார்.