தாளம் போட வைத்த இரங்கற்பா

என் முப்பதுகளில் நான் சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. என்னைக் கவிஞன் என்று நம்பியவன் அப்போது நான் ஒருவன்தான். வெண்ணந்தூரில் என் மனைவியின் பெரியப்பா இறந்துபோனார், தறி நெய்தவர். காரியத்தன்று படிப்பதற்கு ஓர் இரங்கற்பா அச்சடித்துத் தர முடியுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன்.

அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை பண்டிதர் காதுக்குத்தான் எட்டும், அடிக்கடைசியில் ஒரே ஓசை வரும் இயைபுதான் எல்லோரையும் அழவைக்கும் என்பது அந்நாளில் என் சித்தாந்தம். ஆகவே நாற்பது அடிகளையும் ‘ட்டாயே’ என்று முடித்தேன். அச்சகத்தில் தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அச்சுக் கோப்பவர் அவசரப்படுத்தவே, எதுகையும் இயைபும் இல்லாத இரண்டு வரியைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, அதற்காக வழியெல்லாம் வெட்கப்பட்டேன்.

காரியத்தன்று கூடத்தில் நின்று, குரலை வேண்டுமென்றே நடுங்கவிட்டுப் படித்தேன்.

"நெய்த தறியை விட்டாயே
நெஞ்சை எல்லாம் சுட்டாயே
கொள்ளு ரசத்தை விட்டாயே
கோடி தூரம் எட்டாயே"

பத்தாவது அடியில் பெண்கள் பக்கம் ஒரு கை தரையில் தாளம் போட்டது. பிறகு நாலைந்து கைகள். ஒரு சின்னப் பெண் எழுந்து கும்மிக்குச் சுற்றுவதுபோல் சுற்றினாள். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று எண்ணி இன்னும் உரக்கப் படித்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இறந்தவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, அவரு கொள்ளு ரசத்த வாயிலயே வெக்க மாட்டாருங்களே," என்றார் நிதானமாக. ‘கோடி’க்கு மோனை தேடியதில் வந்த ரசம் அது.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மிச்சத்தையெல்லாம் தாண்டிக் கடைசிக்குப் போனேன்.

"வாசலில் நாம் விட்ட செருப்பை நிழலுக்கு நகர்த்திவைப்பார்.
அதை நம்மிடம் சொன்னதே இல்லை."

கூடம் அடங்கியது.

"அத இன்னொருக்கா படிங்க சாமி," என்றார் அந்த அம்மாள்.

படித்தேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

நியாயமாக நான் அன்றே இயைபைக் கைவிட்டிருக்க வேண்டும். மறுவாரமே ஒரு கல்யாண வாழ்த்தை ‘க்காரே’ என்று முடித்தேன். ஆபீசில் விசாரித்தவர்களிடம், கூடமே அழுதது என்று மட்டும் சொன்னேன். எந்த வரிக்கு என்று யாரும் கேட்கவில்லை.