அப்பா கம்பி பிடித்த நாள்

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் சித்தி மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எங்களுக்குத் தும்மல் வரும். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. கோலார் தங்கவயலில் கூலிகளுக்குக் கொடுத்த லைன் வீடுகள் அப்போதெல்லாம் தட்டி வீடுகள். ஜென்மப் பகையாளிகளானாலும் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டியதுதான்.

சண்டைக்குக் காரணம் தாத்தாவின் கொள்ளி. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா இறந்தபோது, தலைமகனான அப்பா இங்கே சுரங்கத்தில் இருந்தார். சேதி வந்து அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டார். வெயில் காலம், இனிமேல் தாங்காது என்று ஊரே சொன்னதாம். அப்பா காதில் அதெல்லாம் ஏறவில்லை. பெரியவன் உயிரோடு இருக்கச் சின்னவன் கொள்ளி வைத்தால் பெரியவனும் செத்தவன்தானே என்று தம்பி முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பிறகு மழை பொய்த்து, சித்தப்பாவும் குடும்பத்தோடு தங்கவயலுக்கே வந்து சேர்ந்தார். அண்ணன் தம்பி என்று கேள்விப்பட்ட மேஸ்திரி, நல்லது செய்கிற நினைப்பில் அடுத்த வீட்டையே கொடுத்து, சுரங்கத்துக்குள்ளும் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டுவிட்டார்.

ஜோடி என்றால், பாறையில் வெடிமருந்து வைக்கத் துளை போடும் ஜோடி. ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். அப்பா அடிக்கிறவர், சித்தப்பா பிடிக்கிறவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒரு வார்த்தை பேசாமல் இந்த வேலை நடந்தது.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் நான். லைனில் என் வயதுப் பெண் சித்தப்பா மகள் ஒருத்திதான். அம்மா தங்கக் கல் அரைக்கும் மில்லில் கல் பொறுக்கப் போகும்போதே, "அந்த வூட்டுப் பக்கம் காலு வெச்சே, முறிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். பகல் முழுக்கத் தட்டிக்கு இந்தப் பக்கம் தனியாக அஞ்சாங்கல் ஆடுவேன். அந்தப் பக்கம் அவளும் ஆடுவாள். பிடித்தாளா, தவறவிட்டாளா என்று கல் விழும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவள் வெளியே போன நாட்களில் அந்தச் சத்தமும் இருக்காது. அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் சுரங்கத்துக்குள் வத்தி அணைந்துவிட்டது. ஓங்கிய சம்மட்டியை நிறுத்த முடியுமா? சித்தப்பாவின் இடது கை விரல்கள் நசுங்கிப்போயின. கொள்ளிக்குப் பழி தீர்த்துவிட்டான் என்று லைனே பேசியது. சித்தி எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அன்று சாயங்காலம் சித்தப்பா சித்தியை அடக்குவது தட்டி வழியே கேட்டது. "வத்தி அணைஞ்சிடுச்சி. அதுக்கு அண்ணன் இன்னா பண்ணும்?" பாயில் படுத்திருந்த அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

புண் ஆறியது. ஆனால் மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு கம்பியைத் திருப்ப முடியாது. சம்மட்டி ஓங்கலாம். ஆனால் பிடி நழுவும் கைக்காரன் ஓங்குகிற சம்மட்டிக்குக் கீழே எவன் தன் கையை நீட்டுவான்? சித்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். மழையில்லாத ஊருக்கே திரும்பப் போகிறார்களாம். சித்தப்பா மகளும் போய்விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆள் சேரும் இடத்துக்கு, அப்பாவின் கூழ்ச் சட்டியோடு நானும் போனேன். மேஸ்திரி சித்தப்பாவை முன்னால் நிறுத்தியிருந்தார். "இவனுக்குக் கம்பி புடிக்க யாருனா வறீங்களா? இல்லன்னா ஊருக்குப் போவட்டும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா தோளிலிருந்த சம்மட்டியை இறக்கி சித்தப்பாவின் காலடியில் வைத்தார். மேஸ்திரியைப் பார்த்து, "நான் புடிக்கிறேன்" என்றார்.

பக்கத்திலிருந்தவர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "அவன் கைதான் சரியில்ல. மனசு மட்டும் சரியா கீதுன்னு நீ இன்னா கண்டே?"

அப்பா கையை விடுவித்துக்கொண்டார். "அண்ணே, வேணாம்" என்றார் சித்தப்பா. அப்பா கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சித்தப்பாவும் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

லைனில் சம்மட்டிக்காரருக்குத்தான் மதிப்பு. கம்பி பிடிக்கிறவர் அவருக்கு ஒரு படி கீழே. சம்மட்டிக்காரர் மகள் என்று நான் அலட்டிக்கொண்டதெல்லாம் அன்று காலையோடு போயிற்று. சாயங்காலம் அப்பா வந்தபோது அவர் விரல் முட்டிகள் தோலுரிந்து வீங்கியிருந்தன. சித்தப்பா அடித்துப் பழகாதவர், அடி பல தடவை விலகியிருக்கிறது. எனக்கு அது தெரியுமா? தம்பி அண்ணனைப் பழிவாங்கிவிட்டார், அப்பா தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். மூலையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் சாக்கிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா அப்பாவின் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

அப்பா மற்றக் கையால் களியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். முடித்துவிட்டு இன்னொரு உருண்டை கேட்டார். தோற்று வந்த மனிதருக்கு எப்படித்தான் இப்படிப் பசிக்கிறதோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.