வயல் பாட்டுக்கு வந்தவர்கள்

சனிக்கிழமை நண்பகல். பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்துக் கட்டணம் ஆறரை யூரோ. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. இலண்டனில் பேருந்து ஓட்டிப் பிழைப்பவன் நான். இன்னொருவர் ஓட்டினால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். இந்தச் சாரதி ஒரு கையில் கைபேசியோடு வளைவுகளை எடுத்தார். உயிரோடு இறங்கினேன்.

நிலையத்தில் தங்கை வசந்தி நின்றாள். இங்கே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் துப்புரவு வேலை. அவள் மகள் நிலா, கபோச் சந்தைக்குப் பின்னால் உள்ள சிறிய தேவாலயத்தில், பழைய ஆங்கிலப் பாட்டுகளும் நடன இசையும் வாசிக்கப் போகிறாள். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

ஒரேத்தோத் தெருவில் அவர்கள் வீடு. நிலா வாசிக்கும் வாத்தியம் சாமியறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. ஆறு நரம்பு; வீணையைப் போல கழுத்தில் மெட்டுகள், வயலினைப் போல வில். கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர் வயல். நரம்பு ஆட்டுக்குடலில் செய்தது என்று நிலா சொன்னதும் வசந்தி பதறினாள்.

"மெல்லக் கதை பிள்ளை, முருகனுக்குக் கேட்கப்போகுது."

வாத்தியம் சிஞ்ஞோராவுடையது; இரவலாகத் தந்திருந்தார். அடுத்த மாதம் நிலாவுக்கு இசைக்கல்லூரி நுழைவுத் தேர்வு. "இது இல்லாட்டி சோதினையும் இல்லை மாமா," என்றாள்.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி. தேவாலய வாசலில் எங்கள் சனம் குவிந்திருந்தது. வசந்தி வாட்ஸ்அப்பில் விட்ட குரற்செய்திதான் காரணம்: "எங்கட நிலாவின்ர வயல் பாட்டு, எல்லாரும் வாங்கோ." நெல் விளைகிற வயலைத் தவிர வேறு வயல் யாருக்குத் தெரியும்? நடுகைப் பாட்டு, அரிவிவெட்டுப் பாட்டு என்று நம்பி, பட்டுச் சேலையும் பாவாடை கட்டிய குழந்தைகளுமாக வந்துவிட்டார்கள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

முன்வரிசையில் சிஞ்ஞோராவும் நண்பர்களும். எங்களுக்குப் பின்வரிசை வாங்குகள். நிலாவோடு இன்னும் மூவர் வாசிக்க, ஒரு பெண் எழுந்து பாடினாள். காதலன் கைவிட்ட சோகம். பழைய ஆங்கிலம், எனக்கே பாதிதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த மன்னார் அந்தோனியம்மா என் காதுக்குள் கேட்டார்:

"ஆர் தம்பி செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா. காதல் பாட்டு."

"அப்ப நடுகை எப்ப வரும்?"

நடுகை வரவில்லை, நடனம் வந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் துள்ளித் துள்ளி ஆடிய துரித இசை. எங்கள் பிள்ளைகள் வாங்கிலிருந்து குதித்து நடுவழியில் துள்ளினார்கள். பெரியவர்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். சிஞ்ஞோரா திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். நிலா அதைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்துவிட்டு, மற்ற மூவருக்கும் தலையசைத்து, முடிய வேண்டிய இடத்தில் முடிக்காமல் அந்தத் துள்ளலை இன்னொருமுறை வாசித்தாள். ஆடுவதற்கென்றே செய்த இசைக்கு அன்று ஆடியவர்கள் எங்கள் குஞ்சுகள் மட்டுந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் சிஞ்ஞோரா வந்து நிலாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு வசந்தியிடம் இத்தாலியனில் இனிமையாக ஏதோ சொன்னார். நிலா உணர்ச்சியில்லாத குரலில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"வாத்தியத்துக்கு அமைதியான வீடு வேணுமாம் மாமா. நாளைக்கு அம்மா வேலைக்கு வரேக்க கொண்டு வரட்டாம்."

"அப்ப சோதினை?"

"அதை அவ கேக்கேல்லை."

நான் ஆங்கிலத்தில் கத்தினேன். சிஞ்ஞோரா விளங்காதவராகப் புன்னகைத்தார். வசந்தியோ, "சீ, சிஞ்ஞோரா," என்று இத்தாலியனில் ஆமாம் போட்டுத் தலையாட்டினாள். எனக்குத் தங்கைமேல்தான் கூடுதலாகக் கோபம் வந்தது. வேலை போனால் வதிவிடப் பத்திரத்தை எப்படிப் புதுப்பிப்பாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

செவ்வாய் காலை, திரும்பும் பேருந்து. வழியனுப்ப வசந்தி மட்டும் வந்தாள். நிலா அறையை விட்டு வெளியே வரவில்லை.

"வாத்தியத்தை எங்கை வைச்சிருக்கிறா சிஞ்ஞோரா?" என்று கேட்டேன்.

"வரவேற்பறையில, யன்னலுக்குப் பக்கத்தில, வடிவுக்கு. ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. நான்தான் தூசு தட்ட வேணும். நரம்பில கை படக்கூடாதாம்."

அவள் என் பையைத் தூக்கித் தந்தாள்.

"ஊரில எங்கட வயலைச் சுத்தி ஆமிக்காரர் வேலி அடிச்சவங்கள், நினைவிருக்கே அண்ணை? அதுக்குள்ளயும் ஒருத்தரும் விதைக்கேல்லை. ஆனா அங்கை என்னைக் கூட்டித் துடைக்கச் சொல்லேல்லை."

சாரதி கதவை மூடினார். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.