வெட்டச் சொன்ன வரி

போன பங்குனியில், மதுரை ஆரப்பாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயம், தபால்தலை, பிரபலங்கள் கையெழுத்துப் போட்ட பொருட்கள் எல்லாம் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. நம்மிடம் இருப்பதைக் கொண்டுபோனால் மதிப்பும் பார்த்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் அவனியாபுரத்தில் குடியிருக்கிறேன். ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கல்லூரி நாளிலிருந்தே விண்வெளி வீரர்களுக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்ட படங்களை வாங்கிச் சேர்ப்பது எனக்குப் பிடித்த கிறுக்கு. பல பேர் பதிலே போட மாட்டார்கள். வருகிற ஒன்றிரண்டை பீரோவில் புடவைக்கு நடுவில் பத்திரப்படுத்துவேன். என் வீட்டுக்காரரோ, பழைய பேப்பர்காரன்கூட இதை எடுக்க மாட்டான் என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே நக்கலடிப்பார். விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் இதன் மதிப்பைக் கேட்டு, அதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் வீம்பு.

அம்மாவும் கூட வந்தார். அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி ஸ்டாண்ட் நடத்துகிறவர். டோக்கனைக் காட்டாமல் போலீஸ்காரர் வண்டிகூட அங்கிருந்து நகராது. வெல பேசுற எடத்துல நீ வாயப் பொளந்துக்கிட்டு நிப்ப என்று சொல்லி, ஸ்டாண்டைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மதிப்புப் பார்க்க வந்தவர் சென்னைக்காரர். வெள்ளைக் கையுறை, லென்ஸ் எல்லாம் வைத்திருந்தார். நான் கொடுத்த படங்களில் இரண்டைப் பார்த்த வேகத்தில் தள்ளி வைத்துவிட்டார். அதெல்லாம் மெஷின் போட்ட கையெழுத்தாம். அதே கையெழுத்து வேறு படங்களில் அச்சு அசலாக இருப்பதைப் போனில் காட்டினார். எனக்கு முகம் செத்துப் போயிற்று. இத்தனை வருஷமாக ஒரு மெஷினின் கையெழுத்துக்கா அந்துருண்டை போட்டுப் பாதுகாத்தேன்!

மூன்றாவது படத்தை எடுத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது வெளிநாட்டு விண்வெளி வீராங்கனை ஒருவருடைய படம். கீழே வெள்ளை ஓரத்தில் என் பெயரை எழுதி, வாழ்த்துச் சொல்லியிருந்தார். கையெழுத்து அதற்குச் சற்று மேலே, படத்தின் மீதே இருந்தது. பெயரும் கையெழுத்தும் ஒரே கை, ஒரே பேனா, மெஷினுக்கு உங்கள் பெயர் எப்படித் தெரியும், அதனால் இது அசல்தான் என்றார். அந்த வீராங்கனை இப்போது யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லையாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிஷமே அவர் உச்சுக் கொட்டினார்.

பெயர் எழுதி வாங்கிவிட்டீர்களே, அதனால் மதிப்பு பாதிக்குப் பாதி போயிற்று என்றார். அடுத்தவர் பெயர் போட்டதை எவரும் ஆசையாக வாங்க மாட்டார்களாம். ஆனாலும் கவலைப்படாதீர்கள், கீழ் ஓரத்தை மட்டும் வெட்டி, வெட்டியது தெரியாமல் ஃப்ரேம் போட்டுவிடலாம், நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். அவருடைய இனிஷியல் மட்டும் என் சர்டிபிகேட்டை எல்லாம் விட்டுப் போகவில்லை. தன் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொல்லி அம்மா பள்ளிக்கூடத்தில் கெஞ்சியும் நடக்கவில்லை. அந்த வீராங்கனைக்கு எழுதிய கடிதத்தில்தான், கேட்க ஆளில்லாத தைரியத்தில், அம்மாவின் எழுத்தைப் போட்டு என் பெயரை எழுதினேன். அவரும் அப்படியே திருப்பி எழுதி அனுப்பிவிட்டார். இதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

மனசு ஆடியது, பொய் சொல்ல மாட்டேன். வெட்டினால் நல்ல விலை. அதை வீட்டில் சொன்னால் நக்கல் பேச்செல்லாம் அன்றோடு முடிந்தது. அம்மாவும், வெட்டுனா வெல கூடும்னா வெட்டிட்டுப் போகட்டுமே என்றார். எங்கே வெட்டப் போகிறார்கள் என்று பார்க்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஸ்டாண்ட் டோக்கனில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பது அவர் பெயரின் முதல் எழுத்துதான்.

"இது நம்ம டோக்கன்ல போடுற எழுத்துல்ல? ஒம் பேருக்கு முன்னால எப்படிடி வந்துச்சு?"

நான் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கிட்டோ இருக்கிற பொம்பள எழுதிக் குடுத்திருக்கா. உள்ளூர்ல ஒருத்தனும் எழுத மாட்டேன்னுட்டான்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த வரி இருப்பதால்தான் அசல் என்று சொன்னீர்கள், இப்போது அதையே வெட்டச் சொல்கிறீர்களே என்று சென்னைக்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"மார்க்கெட்ல உங்க பேருக்கு மதிப்பு இல்லீங்க மேடம்."

"மார்க்கெட்டுக்கு இல்லாட்டிப் போகுது சார். எங்களுக்கு இருக்கு" என்று படத்தை எடுத்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம், வருகிற லட்சுமியை உதைக்கிறாளே என்கிற மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நடந்தேன். அம்மா அந்தப் படத்தை என்னிடமிருந்து வாங்கி, வீடு வரை ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்காரர் எம்புட்டுக்குப் போகுமாம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் பெயரை வெட்டினால் நல்ல விலைக்குப் போகுமாம், அதனால் போகாது என்றேன். அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது பெயருக்கு முன்னால் அம்மாவின் எழுத்தைப் போட்டுத்தான் எங்கேயும் எழுதுகிறேன். சர்டிபிகேட்டை மாற்றவும் அலைந்துகொண்டிருக்கிறேன். யாரைக் கேட்டு மாற்றுகிறாய் என்று முறைக்கிறவர்களிடம், விண்வெளிக்குப் போய்வந்த பெண்ணே இப்படித்தான் எழுதியிருக்கிறாள், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். என்னை வெட்டிக் கழித்துவிட்டுப் போடுகிற எந்த மதிப்பும் எனக்கு வேண்டாம் என்று அந்த மண்டபத்தில் எடுத்த முடிவில் இன்றுவரை எனக்கு வருத்தமே இல்லை.